இழுத்தவன்தான் விடணும்

கார் தொழிற்சாலையில், கதவு மாட்டும் லைனில், அவருக்குப் பெயர் மாத்தாள். வேலையே அதுதான். யாருக்காவது ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வந்தால் கையைத் தூக்குவார்கள். இவர் போய் அந்த இடத்தில் நின்று, போனவர் திரும்பும் வரை நட்டு முடுக்குவார். காலம் பூரா அடுத்தவன் இடத்தில் நின்று நின்றே கால் இரண்டும் வீங்கிப்போன மனுஷன்.

இந்த வேலை ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு காலத்தில் லைன் ஓடும்போது நகர்ந்தால் சீட்டு கிழிந்துவிடும். மாத்தாளின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அடக்கி அடக்கிப் பார்த்து ஒருநாள் நின்ற இடத்திலேயே பேண்ட்டை நனைத்துவிட்டார். அன்றைய சூப்பர்வைசர் சிரித்தான். சிரித்தானே பாவி, அதுதான் வினை. லைனே கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனது. வாசலில் மழையில் நனைந்து, அடி வாங்கி, வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்து, கடைசியில் சங்கம் கையெழுத்து வாங்கியது. லைனுக்கு ஒரு மாத்தாள் உண்டு. ஆபத்தென்றால் லைனை நிறுத்தத் தலைக்கு மேல் ஒரு கயிறு உண்டு. இழுத்தால் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும்; அதை இழுத்தவன்தான் விடணும், எந்த அதிகாரியும் தொடக்கூடாது.

ஜெயித்த குஷியில் ஒன்றை மட்டும் கோட்டை விட்டார்கள். மாத்தாளுக்கே வந்தால் யார் நிற்பது? பந்தியில் பரிமாறுகிறவனுக்கு இலை போட மறந்த கதைதான். இளவயதில் அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது.

அப்புறம் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். அதே லைன், அதே கதவு, ஆனால் அவர்கள் கை தூக்கக்கூடாது. மாத்தாள் சங்க ஆபீசுக்குப் போய்க் கேட்டார்.

"அவங்க நம்ம ஒப்பந்தத்துல இல்லையேண்ணே," என்றார் செயலாளர். "இருக்கிறதைக் காப்பாத்தவே நாக்கு தள்ளுது."

"தலைக்கு ஒரு சீயக்காய், தாடிக்கு ஒரு சீயக்காயாப்பா?"

செயலாளர் டீயைக் குடித்தார். அவரும் களைத்துப்போனவர்தான். மாத்தாள் அதோடு கேட்பதை விட்டார். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் திருட்டுத்தனமாக நிற்கத் தொடங்கினார். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் இது தேவையா என்று மனைவி கேட்டாள். தேவையில்லைதான்.

அன்று, புதிதாக வந்த காண்ட்ராக்ட் பெண் முகம் வெளுத்து நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் நிக்கிறீங்களா? காலையிலேருந்து வயிறு சரியில்ல."

"ஓடும்மா. அவன் அந்தக் கோடியில இருக்கான்."

அவள் போனாள். லைனில் இரண்டு கதவு தாண்டியிருக்காது, இவருக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கயிறு தலைக்கு மேலேதான் தொங்கியது. இழுத்தால், 'இது யார் இடம், அவள் எங்கே?' என்பார்கள். அவள் பிழைப்பில் மண். இழுக்காவிட்டால் மச்சானுக்கு ஆனது தனக்கும். பாவம் மச்சான், பிறகு சங்கத்தில் எவ்வளவோ செய்தார், ஆனால் சாகிற வரை ஜனங்கள் சொன்னது அந்தப் பேண்ட் கதையைத்தான். மாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டு முடுக்கினார். வந்துவிடு தாயே, சீக்கிரம் வந்துவிடு.

வந்தாள். பாதி வழியில் சூப்பர்வைசர் மறித்தான்.

"உன்னை யாரு போகச் சொன்னா? பையை எடுத்துக்கோ. நாளையிலேருந்து வராதே."

அவள் அழுதாள். போச்சு, அடக்கியதெல்லாம் வீண். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மாத்தாள் கயிற்றை இழுத்தார்.

லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்தான்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எனக்கு ஒண்ணுக்கு வருது."

"அதுக்குப் போய் லைனை நிறுத்துவீங்களா?"

"மாத்தாளுக்கு ஒரு மாத்தாள் இருந்தா கொண்டாங்க தம்பி. இல்லேன்னா நான் போயிட்டு வந்துதான் விடுவேன்."

"ஐயோ, மேலேருந்து போன் வரும். என் வேலை போயிடும்ணே!"

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் போகலாமா? நான் வர்றதுக்குள்ள யோசிச்சு வைங்க."

ஓட முடியவில்லை. கால் வீக்கத்தோடு ஒவ்வொரு அடியாக நடந்து எப்படியோ போய்ச் சேர்ந்தார். அப்பாடா! பேண்ட் நனையவில்லை. இயந்திரச் சத்தம் இல்லாததால் குழாய் சொட்டுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் குழாய் சொட்டும் என்றே அவருக்குத் தெரியாது. நாளைக்கு விசாரணை வரும், செயலாளர் திட்டுவார், மனைவி அதற்கு மேல் திட்டுவாள். திட்டட்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தார்.

வெளியே வரிசை நின்றது. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும், அத்தனை பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள். முன்னால் நின்றவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கயிறை உடனே விட்டுடுவீங்களா?"

அதற்குள் சூப்பர்வைசர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான்.

"அந்தப் பொண்ணு இருக்கட்டும்ணே, நான் ஒண்ணும் எழுதல. கயிறை விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாத்தாள் வரிசையின் கடைசி வரை பார்த்தார். சுவரோரம் கிடந்த காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"இருங்க தம்பி. இவங்கல்லாம் போயிட்டு வரட்டும்."