யூரிம் விற்ற மனை

கொரியாவில் எங்கள் தேகு நகரத்தில் பெண் குழந்தைக்குப் பின்னால் ஆண் பிறந்துவிட்டால், அந்தப் பெண்ணைக் காட்டி "மனையை நல்லா வித்துட்டா" என்பார்கள். அம்மா வயிறு ஒரு மனை. காலி செய்கிறவள் அதை ஒரு பையனுக்கு விற்றுவிட்டு வரவேண்டும். விற்காதவள் பிடிவாதக்காரி. எனக்கு அப்போது நான்கு மாதம். என் நான்கு வயது மகள் தாஜோங் விற்றாளா இல்லையா என்பதுதான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பேச்சு.

விற்கவில்லை. அது என் மாமியாருக்கும், ஓரகத்தி சூக்யோங் அக்காவுக்கும், எனக்கும் தெரியும். "அம்மா சொல்றதைக் கேளு" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்ட என் கணவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்கேனில் என்ன தெரிகிறது என்று டாக்டர் சொல்லக்கூடாது, சட்டம். எங்கள் டாக்டர் சட்டத்தை மதிக்கிறவர். "அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வருது" என்று மட்டும் சொன்னார், பெண் என்பதற்கு ஜாடையாக. மாமியார் அங்கேயே, கலைப்பதற்குத் திங்கட்கிழமை நேரம் வாங்கிவிட்டார். அதிலும் எங்கள் பஞ்சாங்கப்படி அது வெள்ளைக் குதிரை வருஷம். அந்த வருஷத்தில் பிறக்கிற பெண் புருஷனை உதைத்துத் தள்ளிவிடுவாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சூக்யோங் அக்காவின் மகனுக்கு முதல் பிறந்தநாள். காலையிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி மாவுப் பணியாரத்தைத் தட்டில் அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். கருவைக் கலைப்பதே பாவம் என்று நினைக்கிறவள் இல்லை நான். என் தோழி ஒருத்தி, இருக்கிற இரண்டுக்கே சோறு போட முடியாமல், தானாக யோசித்து முடிவெடுத்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் போவேன். ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாத நிலையில் திங்கட்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் பணியாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில், எதை எடுப்பான் என்று பார்க்க முன்னால் பரப்பிவைத்த சாமான்களில் பையன் பென்சிலைத் தூக்கிவிட்டான். படிப்பாளி ஆகப்போகிறான் என்று ஒரே கைதட்டல். மாமனாரின் அக்கா, நாங்கள் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர், அவருக்கு வாய் சும்மா இருக்காது. பையனின் அக்கா யூரிமை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். யூரிமுக்கு எட்டு வயது.

"பென்சிலை எடுத்தவன் பெருசில்லடி, அவனுக்கு மனையை வித்தா பாரு, இவதான் பெரிய ஆளு! என் தங்கக்கட்டி!"

யூரிம் முகம் சிவந்து சிரித்தாள். அந்த வீட்டில் அவளைத் தூக்கிவைத்துப் பேச வேறு விஷயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"நீயும்தான் இருக்கியே," என்று பெரியத்தை என் தாஜோங்கின் தலையில் குட்டினார். "உம்முனு மூஞ்சியை வச்சிக்கிட்டு. வித்தியா இல்லையாடி?"

தாஜோங் வாயில் பணியாரத்தோடு விழித்தாள்.

"யூரிம், போ. சித்தி வயித்துல கையை வச்சு ஒரு பயலைக் கூப்பிடு. உனக்குத்தான் கைராசி ஆச்சே!"

மாமியார் சுவரைப் பார்த்தார். யூரிம் எழுந்து வந்து என் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தம்பியா வா, தம்பியா வா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சூப் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அடுக்களைக்கு ஓடினேன்.

மாமியார் பின்னாலேயே வந்தார். சூக்யோங் அக்கா அடுப்படியில், பிறந்தநாளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வைக்கிற கடற்பாசி சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க? நாலு பேரு பார்க்கலையா?" என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு முடிஞ்சதும், தானா கலைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன வழியாகவே யூரிம் உள்ளே வந்தாள். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, நான் எப்படி வித்தேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. சும்மா கையை வச்சா போதுமா? தம்பி வரலேன்னா, என் தப்பா?"

அக்காவின் கையிலிருந்த கரண்டி நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாளைக்குத் தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்வோம். இவள் கைவைத்த மறுநாள். பெரியத்தை விடுவாரா? எட்டு வயதுக் குழந்தைதான் அதைச் சுமக்க வேண்டும்.

அக்கா அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. யூரிமின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"பெரியத்தை, இவ எதையும் விக்கல," என்றாள் அக்கா. "இவளுக்கும் பையனுக்கும் நடுவுல ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் பொண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைச்சிட்டு வந்தேன். அதான் கைராசி. இனிமே என் பிள்ளைகிட்ட மனை, கினைன்னு யாரும் பேசாதீங்க."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசற?" மாமியார் பாய்ந்து வந்தார். "சங்குக் அம்மா! குடிச்சிருக்கியா?"

பையன் சங்குக் பிறந்த நாளிலிருந்து யூரிம் அம்மா என்று கூப்பிடுவது போய், சங்குக் அம்மா ஆகியிருந்தாள் அக்கா.

"நீங்கதானே அத்தை ரெண்டு தடவையும் கூட வந்தீங்க. வீட்டுக்கு வந்து சூப்பு கூட வச்சுக் குடுத்தீங்களே." அவள் குரல் உடைந்துவிட்டது. "நல்லா கவனிச்சுக்கிட்டீங்க. நான் இல்லேன்னு சொல்லல."

மாமியார் அக்காவை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார். அதுதான் கொடுமை. ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிகரெட் தேவைப்பட்டு வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

யூரிம் அழ ஆரம்பித்தாள். அக்கா குனிந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். யூரிம் அம்மாவைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம்.

"ஏன்மா சொன்னே? எல்லாரும் என்னை நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டிருந்தாங்க. இனிமே பாட்டிக்கு என்னை எதுக்குப் பிடிக்கும்?"

அவள் பாட்டி, என் மாமியார், அங்கேதான் நின்றார். ஏதாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். ஒரு வார்த்தை, பொய்யாகவாவது. அவர் விசிறியை எடுத்து, அழாத பேரனுக்கு விசிற ஆரம்பித்தார்.

அதுவரை எனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல்தான் இருந்தேன். அந்த விசிறியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இந்த வீட்டுக்கு இன்னொரு பெண்ணைக் கொண்டுவரப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனால், யூரிம் கேட்டதற்கு நான் சொன்ன பதிலும் அந்த விசிறிதான் என்று ஆகிவிடும்.

நான் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். வாசலில் என் கணவர் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

"யூரிம், சித்தி வயித்துல இருக்கறதும் பொண்ணுதான்," என்றேன். "அவ வரப்போறா. அவளுக்காக நீ ஒண்ணும் செய்யவேண்டாம். அவளும் வந்து ஒண்ணும் செய்யவேண்டாம்."