அக்காவின் முழு உருவம்

கைபேசியில் பார்ப்பவர்களுக்குத் துகர்கி ஒரு ராணி. கழுத்து நிறையப் பவளம், நரித்தோல் தொப்பி, தோளில் கரை வைத்த ஆட்டுத்தோல் அங்கி. தினமும் மத்தியானம் வட்ட விளக்கைப் போட்டுக்கொண்டு நேரலையில் உட்கார்ந்து யாக் மாட்டு வெண்ணெயும் உலர்ந்த பாலாடையும் விற்பாள். திபெத்திய மேய்ச்சல் மலையை விட்டுப் புதுக் குடியிருப்புக்கு இறங்கிய பிறகு குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு.

அங்கியை அவள் சுற்றிக் கட்டுவதில்லை. கட்டினால் சரக்குப் பெட்டிகளைத் தூக்க முடியாது. அதனால் இடுப்புக்குக் கீழே நீல நிற விளையாட்டுக் கால்சட்டையும் பிளாஸ்டிக் செருப்பும்தான். கைபேசிக்கு அது தெரியாது. ஆனால் லுமோட்சோ பார்த்துவிட்டாள்.

லுமோட்சோ துகர்கியின் தங்கை. நகரத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்து, அக்கா வீட்டின் பின்னறையில் எண்ணெய்ச் சாய நாற்றத்தோடு குடியிருந்தாள். ஷினிங் நகரத்தில் நடக்கவிருந்த இளம் ஓவியர் கண்காட்சியில் அவளுக்கு முதல்முறையாக இடம் கிடைத்திருந்தது. ஒரே மூச்சில் அக்காவைத் தலை முதல் கால் வரை வரைந்து முடித்தாள்.

துகர்கி பார்த்தாள். முகம் சிவந்தது.

“உன்னை யாருடி இதை வரையச் சொன்னது?”

“இதுதானே அக்கா நிஜம்?”

“நிஜமா? செருப்புல இருக்கற கிழிசலைக்கூட விடல. பவளத்துக்கு மணி மணியாப் பளபளப்பு வெச்சிருக்கே. மூஞ்சிக்கு மட்டும் நாலு இழுப்பு. ஊரு கூடிச் சிரிக்கட்டும்னே வரைஞ்சிருக்கே!”

லுமோட்சோ சண்டைக்கு வாயைத் திறந்தாள். பிறகு படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா சொன்னது சரிதான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புல்வெளிப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தியை எடுத்து முகத்தைச் சுரண்டி எறிந்தாள். “மறுபடி வரையறேன். நல்லா வர்ற வரைக்கும் விடமாட்டேன்.”

“சும்மா குந்தி வரையக் கூடாது. பெட்டி ஒட்டு” என்றாள் துகர்கி.

லுமோட்சோ பெட்டி ஒட்டினாள். விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, பிசின் காயும் நேரத்திலெல்லாம் அக்காவின் முகத்தைக் கோடு கோடாக வரைந்து பார்த்தாள். வரைந்ததையெல்லாம் அடுப்பில் போட்டாள். பனி விழுந்து உருகி மறுபடி விழுந்தது.

ஒரு மத்தியானம் திரையில் யாரோ கேட்டிருந்தார்கள்: ‘சிமெண்டு வீட்டில் இருக்கிறாயே, உனக்கு யாக் இருக்கிறதா, இல்லை வேஷமா?’

துகர்கி யாக்குகளை விற்றிருந்தாள், கடைசிக் கன்று வரை. அவள் சிரிப்பு கலையவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் அவளுடைய கை முழங்காலை இறுகப் பிடித்தது. நகம் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்தது.

“என்கிட்ட இப்ப இல்லீங்க” என்றாள். “சித்தப்பா மகன் மேய்க்கிறான். வெண்ணெயைக் கடையறது நான்தான். வேணும்னா இப்பவே கடைஞ்சு காட்டட்டா?”

லுமோட்சோ பிசின் கையோடு எழுந்து பின்னறைக்குப் போனாள். அந்தச் சிரிப்பும் அந்தக் கையும் கித்தானில் வந்து சேரும் வரை அவள் வேறெதையும் தொடவில்லை. சாப்பிடப் பிசைந்து வைத்த வறுத்த பார்லி மாவு கிண்ணத்திலேயே காய்ந்தது.

சாயம் காய்ந்த பிறகு துகர்கி வந்து பார்த்தாள். படத்தில் முழங்காலைப் பிடித்திருந்த கையருகே விரலைக் கொண்டுபோனாள்.

“இந்தக் கையை எப்பப் பாத்தே?”

“பாத்தேன்.”

“செருப்பு அப்படியே இருக்கு.”

“இருக்கட்டும் அக்கா.”

“இருக்கட்டும்” என்றாள் துகர்கி. “கொண்டு போ.”

ஷினிங்கில் கண்காட்சிக் கூடத்தை நடத்திய குவோவுக்குப் படத்தின் மேற்பாதி மிகவும் பிடித்துப்போயிற்று. “இடுப்போட மடிச்சுச் சட்டம் போட்டுருவோம்மா. வாசல்லயே மாட்டறேன். புல்வெளி அழகின்னு பேர் வெச்சா அன்னிக்கே வித்துப் போயிரும்.”

“மடிக்கக் கூடாது.”

“அப்ப கழிப்பறைக்குப் போற வழியிலதான் இடம் இருக்கு.”

“சரி. சுத்தியல் குடுங்க. நானே மாட்டிக்கறேன்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் ஆணியை அடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

திறப்பு நாளில் அந்த வழியாகக் கூட்டம் அவசரமாகப் போய் நிதானமாகத் திரும்பியது. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் கையைப் பார்த்ததும் நின்றார்கள். ஓட்டல் சீருடையில் ஒரு திபெத்தியப் பெண் மட்டும் சுவரோரம் நின்றுவிட்டாள்.

“வர்றவங்க கழுத்துல வெள்ளைத் துணி போட்டுக் கும்பிடறது என் வேலை” என்றாள், லுமோட்சோவின் ஊர்ப் பக்கத்து அம்தோ பேச்சில். “நாள் பூரா சிரிக்கணும். என்னையும் வரைவீங்களா?”

லுமோட்சோ அவள் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

“கொஞ்ச நாள் ஆகும். உன்கூடவே வந்து நிப்பேன். பரவால்லையா?”

“மேலாளர் திட்டுவாரு.”

“திட்டட்டும். வேலை எப்ப ஆரம்பிக்குது?”