வாச்சர் பறித்த படப்புத்தகம்

ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் சந்தன மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்த வருஷம், ஃபாரஸ்ட் வாச்சர் ஐயாக்கண்ணு யாரையுமே நம்பவில்லை. விறகு பொறுக்க வரும் பெண்களை நம்பவில்லை. மிளகு ஏற்றிப்போகும் லாரிக்காரனை நம்பவில்லை. கோயில் பூசாரியின் நெற்றிச் சந்தனம் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தால், அதையும் ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருநீற்றுக்குக் கையை நீட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இன்னொரு மரம் போனால் காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். அந்தச் சட்டையை நம்பித்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. அவன், மனைவி பாவாயி, அவளுடைய தம்பி பொன்னுவேல் என்று மூன்று பேரின் சோறு அது.

இப்படி ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தோதாக வந்து வாய்த்தான் தேவசிகாமணி. சேலத்தில் மில் மூடியதால் வேலை போனவன். அவன் மனைவி ஞானசுந்தரிக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு மலையேறி, ஐயாக்கண்ணு வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குடிவந்திருந்தான். காலையில் அவள் பஸ் ஏறிப் போய்விடுவாள். இவன் இரண்டு வயது மகள் ஜெயகுமாரிக்குத் தலை சீவி, சோறூட்டி, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு ஆண்பிள்ளை குழந்தை வளர்க்கிறானே என்று ஊர் சிரித்தது. ஐயாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைவெட்டி இல்லாத ஆளுக்குச் சோலைக்குள் தினமும் என்ன ஜோலி?

ஒருநாள் பின்னாலேயே போனான். சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். தேவசிகாமணி ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கையில் வைத்திருந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை விரித்தான். குழந்தை அதில் விரல் வைத்தது. பிறகு இரண்டு பேரும் எழுந்து, ஓடைக்கு மேலே நடந்து, ஒரு மரத்தடியில் நின்றார்கள். குழந்தை மேலே கை காட்டியது. உடனே அவன் படபடவென்று கைதட்டினான். அந்தச் சத்தத்துக்குக் கொண்டைக்குருவிகள் கலைந்து பறந்தன. தேவசிகாமணி சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டான்.

அவர்கள் போனபின் ஐயாக்கண்ணு அந்த மரத்தடிக்குப் போய்ப் பார்த்தான். நன்றாக வயிரம் பாய்ந்த சந்தன மரம். புதருக்குள் இப்படி ஒன்று நிற்பது இத்தனை வருஷம் காட்டைச் சுற்றிய அவனுக்கே தெரியாது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். புத்தகம், பென்சில், கைதட்டல், ஓடைக்கு மேலே நிற்கும் மரம், ஒன்றையும் விடவில்லை. கைதட்டுவது கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் சைகை என்பது அவன் கட்சி. பாவாயி, சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு யாராவது திருடுவார்களா என்றாள். பொன்னுவேல்தான் மாமன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டான். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது, அந்த ஆள்மேலேயே கண்ணாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினான். காப்பி சீசனாயிற்றே, எஸ்டேட்டில் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் அவனுக்கு ராத்திரி வேலை. விடிந்து வந்ததும் காப்பித்தோல் நாற்றம் போகச் சந்தன சோப்புப் போட்டுக் குளிப்பான். வீடே கமகமக்கும். மாப்பிள்ளை ஆகிவிட்டாயா என்று ஐயாக்கண்ணு கேலி செய்வது வழக்கம்.

மச்சான் சொன்னபடி ஐயாக்கண்ணு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேவசிகாமணியைப் பார்த்துவந்தான். அடுத்து அவன் அந்த ஆளைப் பிடித்தது எங்கே தெரியுமா? தன் வீட்டுக் கொல்லையிலேயே. விறகடுக்குக்குப் பக்கத்தில் தேவசிகாமணி குனிந்து நின்றான். குழந்தை அடுக்கின் சந்துக்குள் தலையை விட்டிருந்தது.

"இங்க என்னுங்க வேலை உங்களுக்கு?"

"கோழி பாக்க வந்தோமுங்க. இன்னிக்கிக் கோழிப் பக்கம். பாப்பா அது பின்னாலயே ஓடியாந்துட்டா."

குழந்தை தலையை வெளியே இழுத்து, "பல்லு" என்றது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து மறுபடியும், "பல்லு" என்றது. கோழிக்கு ஏது கண்ணு பல்லு என்று தேவசிகாமணி சிரித்து, அவளைத் தூக்கிக்கொண்டு போனான். கோழி பார்க்க வந்தானாம். யார் காதில் பூச்சுற்றுகிறான் என்று ஐயாக்கண்ணு பல்லைக் கடித்தான்.

அந்த வாரமே ஓடைக்கு மேலே நின்ற மரம் போயிற்று. அடிமரம்கூட மிஞ்சவில்லை. வேரோடு தோண்டி எடுத்துப் போயிருந்தார்கள். ரேஞ்சர் குழியைப் பார்த்தார். ஐயாக்கண்ணுவைப் பார்த்தார். சட்டைப் பொத்தானில் கை வைக்கச் சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும், ஐயாக்கண்ணு முந்திக்கொண்டு தேவசிகாமணியின் கதையை அவிழ்த்துவிட்டான். கொல்லையில் பிடித்ததையும் சேர்த்துச் சொன்னான். நாளைக் காலையில் ஜீப்போடு வருகிறேன், அதற்குள் சாட்சிக்கு ஏதாவது கைப்பற்றி வை, ஆள் இல்லையென்றால் நீதான் ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

சாயங்காலமே ஐயாக்கண்ணு தேவசிகாமணியின் வீட்டுக்குள் புகுந்து அலசினான். கிடைத்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அதை அவன் எடுத்தபோது ஜெயகுமாரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. வீடு திரும்பியும் அந்த அழுகை அவனை விடவில்லை. விளக்கடியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினான். குடை, வாளி, பறவை, கோழி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பென்சில் குறி. ரம்பத்தின் படத்துக்கு மட்டும் குறி இல்லை. எல்லாவற்றுக்கும் குறி போட்டவன் ரம்பத்தை மட்டும் ஏன் விட்டான்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம் என்று தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு படுத்தான்.

காலையில் தேவசிகாமணி மகளோடு வாசலில் வந்து நின்றான். குழந்தையின் கண் வீங்கியிருந்தது.

"ஏனுங்க, அந்தப் புத்தகத்த மட்டும் குடுத்துருங்க. பாப்பா தூங்கவே இல்லீங்க. என்னைய என்ன வேணும்னாலும் கேளுங்க, பதில் சொல்றேன்."

ரேஞ்சர் வருவதற்குள் இவன் வாயாலேயே வரவழைத்துவிடலாம் என்று ஐயாக்கண்ணு கணக்குப் போட்டான். புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்கிறாய், என் முன்னால் செய்துகாட்டு என்றான். தேவசிகாமணி படியில் உட்கார்ந்து குடைப் பக்கத்தைக் காட்டினான். குழந்தை அழுகையை மறந்தது. சுற்றுமுற்றும் பார்த்து, ஆணியில் தொங்கிய ஐயாக்கண்ணுவின் குடையைக் காட்டியது. அப்பன் கைதட்டினான். வாளிப் பக்கத்தைக் காட்டினான். குடுகுடுவென்று ஓடிப்போய்ப் பாவாயி வைத்திருந்த வாளியைத் தொட்டது. அதற்கும் கைதட்டல். இவ்வளவுதான் விளையாட்டு. படத்தில் பார்த்ததை ஊருக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் கைதட்டல், பென்சிலில் ஒரு குறி. ஐயாக்கண்ணுவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் விடவில்லை.

"அப்பறம் ரம்பத்துக்கு ஏன் குறி போடல?"

"அது இன்னும் பாக்கலீங்க. வெள்ளக்கடை ஊர்ல தச்சாசாரி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். பாப்பாவுக்கு அதோட பேரு சொல்ல வராதுங்க. பல்லும்பா."

சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திருப்பினான். குழந்தை, "பல்லு" என்றது. சொன்னதோடு நிற்கவில்லை. படியிறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு நடந்தது. மூன்று பெரியவர்களும் பின்னால் போனார்கள். விறகடுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் உயரத்துக்கு இருந்த சந்துக்குள் விரலை நீட்டி அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

ஐயாக்கண்ணு குனிந்தான். ஒரு கட்டையைக்கூட அவன் இன்னும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கிணற்றடியிலிருந்து, குளித்த தலையும் தோளில் துண்டுமாகப் பொன்னுவேல் வந்தான். விறகடுக்கைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்ததும் அவனுக்கு வாய் முந்திக்கொண்டது.

"மாமா, அந்த ரம்பத்த இவந்தான் கொண்டாந்து ஒளிச்சிருக்கான். அன்னிக்கிக் கோழின்னு சொல்லிட்டு இங்கதான குனிஞ்சு நின்னான்."

ஐயாக்கண்ணு மெதுவாகக் கட்டைகளை விலக்கினான். உள்ளே சாக்கு. சாக்கின் கிழிசலில் இரும்புப் பற்கள். பற்களின் இடுக்கில் மஞ்சள் தூள். எந்தச் சோப்பும் தர முடியாத அந்த வாசனை குப்பென்று எழுந்தது. கட்டையை எடுப்பதற்கு முன்னாலேயே உள்ளே இருப்பது ரம்பம் என்று பொன்னுவேலுக்கு எப்படித் தெரிந்தது? ஓடைக்கு மேலே மரம் நிற்பதை இவனுக்குச் சொன்னது யார்? தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தான் வாய் கிழியப் பேசியதெல்லாம் ஐயாக்கண்ணுவுக்கு நினைவு வந்தது. இன்று எந்தப் பக்கம் காவலுக்குப் போனேன், யார் பின்னால் சுற்றினேன் என்று தினமும் ஒப்பித்திருக்கிறான். திருடனுக்குச் சோற்றைப் போட்டு, மரத்துக்கு வழியையும் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவமானம் தாங்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ரோட்டில் ஜீப் வந்து நின்றது.

பொன்னுவேல் சொன்ன பொய்யை அப்படியே சொன்னால் போதும், ரேஞ்சர் நம்பிவிடுவார். அந்தப் பொய்க்கு வேண்டிய சாட்சியையெல்லாம் அவருக்கு முன்கூட்டியே கொடுத்தவன் ஐயாக்கண்ணுதான். சட்டையும் தப்பும், மச்சானும் தப்புவான். பாவாயி பக்கத்தில் வந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"எந்தம்பிங்க. உங்க வாயால சொல்லிப்போடாதீங்க."

அவள் அவனிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. தேவசிகாமணிக்கு எல்லாம் புரிந்துபோயிருந்தது. அவன் கெஞ்சவில்லை, சண்டைக்கும் வரவில்லை. மகளின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். ரேஞ்சர் கொல்லைக்குள் வந்தார். ரம்பத்தைப் பார்த்தார். பிறகு தேவசிகாமணியை மேலும் கீழும் பார்த்து, நீ சொன்ன ஆள் இவன்தானே என்று கேட்டார்.

ஐயாக்கண்ணு எழுந்து நின்றான். பாவாயியின் கையைத் தோளிலிருந்து எடுத்தான்.

"இவரில்லீங்க ஐயா. ஆளு எங்கூட்லயே இருக்கான். மரம் எங்க நிக்குதுன்னு அவனுக்குச் சொன்னது நாந்தானுங்க."

சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டையின் பொத்தானைத் தானே கழற்ற ஆரம்பித்தான். பாவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள். பொன்னுவேலின் தோளிலிருந்து துண்டு விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

ஜெயகுமாரி இன்னும் விறகடுக்கின் முன்னால்தான் குந்தியிருந்தாள். சரியாகத்தானே கண்டுபிடித்திருக்கிறோம் என்பதுபோல ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், வாச்சரைப் பார்த்தாள், அழுதுகொண்டிருந்த பாவாயியையும் பார்த்தாள். யாரும் ஒன்றும் செய்யக் காணோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் கையைத் தானே தட்டிக்கொண்டாள்.