இரண்டு பேர் திருப்பிய எண்

குழந்தைகள் டாக்டர் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. இப்போது இரண்டே கால். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி, மேசைமேல் உட்கார்ந்துகொண்டு உள்ளே 51.3 டிகிரி என்று கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெறும் அறைக் காற்று. டாக்டர் சரி என்றால் பெட்டி வார்டுக்குப் போகும். இல்லையென்றால் அவளும் கணவரும் போட்ட ஆறு மாத உழைப்பு அம்போ.

அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கேபிளை மாற்றினாள். 0.1 என்றது. சென்சாரையே மாற்றினாள். மறுபடியும் 51.3. நேற்று முழுக்கச் சமத்தாக 25.7 காட்டிய பெட்டிக்கு இன்று என்ன பேய் பிடித்தது?

நடந்துகொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. சென்சார் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு துண்டாக அனுப்பும், பெரிய துண்டு முதலில். பழைய சிப் அப்படியே படித்துக்கொள்ளும். போன வாரம் வந்த புது சிப்போ சின்னத் துண்டுதான் முதலில் வருமென்று நம்புகிறது. அதற்காகத் துண்டுகளை இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். 25.7 என்பது உள்ளே 257. பெரிய துண்டு அதில் எத்தனை 256 என்று சொல்லும், சின்னத் துண்டு மீதியை; ஆக 257-க்கு இரண்டு துண்டும் ஒன்று, ஒன்று. எப்படிப் படித்தாலும் அதேதான். ஒரு புள்ளி ஏறி 258 ஆனால் தலைகீழாக 513 ஆகிவிடும், ஒரு புள்ளி இறங்கி 256 ஆனால் வெறும் 1 ஆகிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும். நேற்று ஏசி 25.7-இல் அசையாமல் நின்று எல்லோர் காதிலும் பூ சுற்றியிருக்கிறது.

ஆனால் அவள்தான் டிரைவர் நிரலில் திருப்பி வைத்திருந்தாளே!

சென்சாரோடு பேசும் அந்த டிரைவர் அவள் எழுதியது. அது தரும் எண்ணை வாங்கித் திரையில் காட்டும் நிரல் அவள் கணவர் எழுதியது. பக்கத்துப் பக்கத்து மேசை. மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் கேட்காமலேயே அவள் டிரைவரில் இரண்டு வரியை மாற்றினார், அவள் கத்தினாள், "இனிமே உன் பக்கமே வரல, போதுமா?" என்றார் அவர்.

அவருடைய நிரலைத் திறந்தாள். சண்டை போட்ட அதே நாள் மாலை, அங்கேயும் ஒரு திருப்பல். சொன்ன சொல் தவறாத மனிதர், அவள் பக்கம் வராமல் தன் பக்கத்திலேயே திருப்பியிருக்கிறார். இவள் திருப்பியதை அவர் மறுபடி திருப்ப, எண் பழையபடி தலைகீழ்.

நாலு எட்டு நடந்தால் சொல்லிவிடலாம். முதலில் வாயைத் திறப்பது யார்? அதற்கு விட்டுக்கொடுப்பதே சுலபம் என்று தன் திருப்பலை அழித்தாள். இருவர் வேலையையும் சேர்த்துப் பெட்டியில் ஏற்றினாள். 51.3.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மணி இரண்டு ஐம்பது.

"ஏங்க! நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நான் ஒண்ணும் செய்யல. செஞ்சதை எடுத்துட்டேன். நீயே திருப்பியிருந்ததைப் பார்த்தேன், சரி, அதுவே இருக்கட்டும்னு…"

"எப்போ?"

"இப்பதான்."

"ஐயோ, நானும் எடுத்துட்டேனே!"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

கேட்டுவிட்டு அவளே அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்க மாத்தின ரெண்டு வரி சரிதான். அதான் எனக்கு அவ்வளவு எரிச்சல்."

"கேட்டுட்டு மாத்தியிருக்கணும். தப்புதான்."

"இப்ப நான் திருப்பறேன். நீங்க எதையும் தொடாதீங்க."

"தொடல. கையைக் கட்டிட்டேன், பாரு."

"வரியைப் போட்டுட்டேன்."

"சரி."

"ஏத்தறேன்."

"ஏத்து."

வாசலில் டாக்டரின் குரல் கேட்டது. திரை ஒருமுறை அணைந்து எரிந்தது.

"இருபத்தஞ்சு புள்ளி ஒன்பது," என்று அவர் வாய்விட்டுப் படித்தார். திரை அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.