ஒரே குவளை

லிஃப்ட் மெக்கானிக் தவறி விழுந்து இன்று ஆறாம் நாள். இடது சிறுநீரகத்திலும் அதையொட்டிய கணையத்திலும் கிழிசல். தைத்துவிட்டு, கசிவு வெளியேற ஒரு குழாயும் பையும் வைத்திருந்தார்கள். சிறுநீருக்குத் தனிப் பை.

காலையில் ஆய்வுக்கூட முடிவு வந்தது. கசிவில் கணைய நீரோடு சிறுநீரும் இருக்கிறதாம். சிறுநீரகத் தையல் விட்டிருக்கும், கணைய நீர் அதை அரித்துவிடும், சிறுநீரகத்தை மதியமே எடுத்துவிடலாம் என்றார் அறுவை டாக்டர். மெக்கானிக்கின் வலது சிறுநீரகம் பிறவியிலேயே சூம்பியது. இதையும் எடுத்தால் ஆயுளுக்கும் டயாலிசிஸ்தான். அவர் மனைவி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினாள்.

அந்தக் கசிவு மாதிரியை நேற்று எடுத்த நர்ஸ் நான். வார்டில் அளவுக் குவளை ஒன்றுதான். புதியவை மூன்றை ஆஸ்பத்திரியைச் சோதிக்க வரும் அதிகாரிகள் கண்ணில் பளிச்சென்று படவேண்டும் என்று தலைமை நர்ஸ் பூட்டி வைத்திருக்கிறாள். நான் சிறுநீரை அளந்து கொட்டிவிட்டு, அதே குவளையில் கசிவை ஊற்றி, அதிலிருந்து மாதிரி எடுத்தேன். நடுவில் கழுவினேனா? எத்தனை முறை யோசித்தாலும் தண்ணீர்ச் சத்தம் நினைவில் இல்லை.

தலைமை நர்ஸிடம் சொன்னேன். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “நீ வாயைத் திறந்தா உன் சீட்டுதான் முதல்ல கிழியும். பேசாம வேலையப் பாரு,” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூட்டியது அவள், கழுவாதது நான், அறுபடப்போவது அவர்.

அறுவை டாக்டர் கைகழுவும் இடத்துக்குப் போய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடாமலே திரும்பினார்.

“படிச்சுட்டுதானே வந்திருக்கே?”

அவரே வார்டுக்கு வந்து கசிவுக் குழாயிலிருந்து நேராக ஊசியில் எடுத்தார். இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. கணைய நீர் மட்டும்தான், சிறுநீர் துளியும் இல்லை. சிறுநீரகம் தப்பியது. வாய்வழி உணவு வேண்டாம், குழாய் இருக்கட்டும், கணையம் தானாக ஆறட்டும் என்று எழுதினார்.

அறுவை இல்லை என்றதும் அவர் மனைவி என் கையைப் பிடித்து அழுதாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு ஒப்பவில்லை. குவளையை நான் கழுவாததைச் சொன்னேன்.

மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

“இனிமே எங்க வீட்டுக்காரரை நீ தொடாதேம்மா,” என்றாள்.

நியாயம்தான். ஆனால் எனக்குப் பதிலாக அவரைப் பார்த்துக்கொள்ளத் தலைமை நர்ஸைத்தான் கூட்டிவரச் சொன்னாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.