ஒரு பெண் தள்ளுபடி

"மூத்தவள நாளையிலேருந்து காலேஜுக்கு அனுப்பாதே" என்றார் முஹைசன்.

மக்கியா ரொட்டி மாவை உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மண்ணடுப்பின் வாய் சிவந்து கிடந்தது. செத்துப்போன புருஷனின் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் வந்து நின்றால், அவர் கேட்க வரவில்லை, சொல்ல வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"எதுக்கு மச்சான்? அடுத்த மாசம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை."

"அதெல்லாம் முடிஞ்சுது. மேலக்கரைக்காரங்க ரத்தத்துக்கு ஈடா ரெண்டு பொண்ணு கேக்குறாங்க. உன் வீட்டு ரெண்டையும் சொல்லியிருக்கேன்."

மாவு கையிலிருந்து நழுவி நெருப்பில் விழுந்தது. கருகிய வாடை எழுந்தது. முஹைசன் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். அந்த வாடை மட்டும்தான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மேலக்கரைக்காரன் ஒருவனைக் கொன்றவன் அவருடைய மகன் ஹுசாம். அவருக்கும் மகள் இருந்தாள். ஆனால் தகப்பன் இல்லாத பெண்கள் பக்கத்து வீட்டில் இருக்கும்போது சொந்த மகளை யார் கொடுப்பார்கள்?

மூத்தவள் தஸ்வாஹின், நாஸிரியாவில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் உயிரியல் நான்காம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சதுப்பில் கெண்டை மீன்கள் ஏன் கொத்துக் கொத்தாகச் செத்து மிதக்கின்றன என்பதுதான் அவளுடைய கடைசி வருட ஆராய்ச்சி. வெயில், உப்பு, ஆற்றின் மேலே துருக்கிக்காரன் கட்டிய அணை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் படகில் போய்க் கால்வாய் கால்வாயாகத் தண்ணீர் பிடித்தாள். செத்த மீன்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, எருமைப் பாலாடை விற்கும் பெண்களோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். "மீன் வியாபாரமா பொண்ணே?" என்று டிரைவர் தினமும் கேட்பான். "ஆமாண்ணே, செத்த மீனுக்குத்தான் அங்க மார்க்கு" என்பாள்.

ஆய்வுக்கூடத்தில் விடை வந்தது. மீன்கள் தானாகச் சாகவில்லை. பூச்சிமருந்தால் நரம்பு இழுத்துச் செத்திருந்தன. மேலக்கரை ஆட்கள் கால்வாயின் தலைப்பில் மருந்தைக் கொட்டி, மயங்கி மேலே வரும் மீனை அள்ளி, பட்டணத்துச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிச்ச விஷம் கீழே எங்கள் பக்கம் வந்தது. எருமைகள் அதைக் குடித்தன.

இதை அவள் வீட்டில் சொன்னபோது ஹுசாமின் எருமை ஒன்று வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. "மீன்வளத்துறையில புகார் குடுப்போம்ணே. என் கையில ஆதாரம் இருக்கு" என்று தஸ்வாஹின் கெஞ்சினாள். ஹுசாம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான். மேலக்கரையில் ஷாகிர் என்பவன் செத்தான். ஹுசாம் பஸ்ராவில் போய் ஒளிந்துகொண்டான்.

அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சு: "அந்தப் பொண்ணு பாட்டில்ல தண்ணி பிடிக்கப் போனதுலதான் இத்தனையும்."

விஷம் ஊற்றியவனைப் பற்றியும் பேச்சு இல்லை, சுட்டவனைப் பற்றியும் பேச்சு இல்லை.

மக்கியாவுக்கு இதெல்லாம் புதிதல்ல. அவள் மேலக்கரைப் பெண். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் இதே இரண்டு கூட்டத்துக்கும் நடந்த ஒரு கொலைக்கு ஈடாக இங்கே கொடுக்கப்பட்டவள். கல்யாணப் பாட்டு இல்லை, மருதாணி இல்லை. எருமையை ஓட்டி வருவதுபோல் கூட்டி வந்தார்கள். அப்படி வந்தவளை "ஃபஸ்லியா" என்பார்கள். கோபம் வந்தால் மாமியார் அப்படித்தான் கூப்பிட்டாள். கோபம் வராத நாளிலும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவளைக் கொடுத்ததோடு ரத்தம் என்றென்றைக்கும் நின்றுவிட்டது என்று அன்றைக்குப் பெரியவர்கள் கைதூக்கித் துஆ கேட்டார்கள். இப்போது அதே பெரியவர்களும், அவர்களில் செத்தவர்களின் பிள்ளைகளும் அவள் மகள்களைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

சமாதானக் கூட்டம் எங்கள் பக்கத்து நாணல் மண்டபத்தில் கூடியது. மேலக்கரை ஷேக் நாயிஃப் தன் ஆட்களோடு வந்து நடுவில் உட்கார்ந்தார். காபி சுற்றி வந்தது. முஹைசன் மெல்ல ஆரம்பித்தார்:

"எங்க பையன் செஞ்சது தப்புதான் ஷேக். ஆனா தண்ணியில மருந்து கலந்ததா ஒரு பேச்சு இருக்கு..."

"யாரு கலந்தது?" ஷேக் நாயிஃப் குரலை உயர்த்தினார். "ஹஸ்ரத் அப்பாஸ் மேல சத்தியம், எங்க ஆளுங்க ஒரு சொட்டு ஊத்தல. ஒரு பொட்டப் புள்ள எதையோ பாட்டில்ல குலுக்கிப் பாத்துச்சாம், அது ஆதாரமாம்!"

அவருடைய ஆட்கள் பன்னிரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்யும்போது ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை.

பின்கட்டில் பெண்கள் விருந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். தன்னை விலை பேசுகிற ஆண்களுக்காகத் தஸ்வாஹின் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பதினைந்து வயது ரபாப் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நாணல் சுவர் மெல்லியது. ஒவ்வொரு சத்தியமும் தெளிவாகக் கேட்டது.

"யம்மா, நான் தட்டத்த எடுத்துட்டுப் போறேன்" என்றாள் தஸ்வாஹின்.

"ஆம்பளைங்க கூட்டத்துக்குள்ளயா? வெட்டிப் போட்டுடுவாங்கடி."

"வெட்டட்டும். எப்படியும் வித்தாச்சு."

சோற்றுமேல் சுட்ட கெண்டைகள் பரப்பிய பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மண்டபத்துக்குள் நுழைந்தாள். முஹைசனின் முகம் வெளுத்தது. அவள் தட்டைச் சரியாக ஷேக் நாயிஃபின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா" என்றாள். அம்மாவின் கூட்டத்தார் மாமாதானே. "உங்க மீனுதான். உங்க பசங்க முந்தாநாள் கால்வாய்த் தலைப்புல அள்ளினது. சந்தையில அவங்ககிட்டயே வாங்கினோம்."

சோற்றை நோக்கிப் போன ஷேக்கின் கை பாதியில் நின்றது.

மேலக்கரை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வயிறு சரியில்லை என்றார். ஒருவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், இன்னும் எதையும் தொடாத கையை. பட்டணத்துக் குழந்தைகளுக்கு அந்த மீனை விற்றவர்கள், அதைத் தங்கள் வாயில் வைக்கத் தயாராக இல்லை.

"பயப்படாதீங்க" என்றாள் தஸ்வாஹின். "இது பண்ணை மீன். சுத்தமானது. சும்மா சொல்லிப் பாத்தேன்."

தலையைக் குனியாமல் வெளியே வந்தாள். உண்மை எல்லோர் முன்னாலும் தட்டில் கிடக்கிறது, இனிமேல் என்ன பேச முடியும் என்று நினைத்தாள். பாவம், நாலு வருடம் விஞ்ஞானம் படித்தவள்.

உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு ஷேக் நாயிஃப் தொண்டையைச் செருமினார்.

"சரி, மருந்து விஷயம் இருக்கு. ஒத்துக்கிறோம். நியாயம்னா நியாயம். அதுக்காக ஒரு பொண்ணக் கழிச்சுக்குங்க."

"அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும்" என்றார் முஹைசன்.

"சின்னவள வச்சுக்குங்க. இப்ப வந்துச்சே, அதக் குடுங்க. பேரு என்ன?"

"தஸ்வாஹின்."

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஈடானவள்னு பேரே வச்சிருக்கீங்க!" ஷேக் சிரித்தார். "அப்ப ஒண்ணே போதும். செத்தவன் தம்பிக்குக் கட்டி வப்போம். மூளையுள்ள பொண்ணு, நல்ல ஆம்பளப் புள்ள பொறக்கும்."

மண்டபமே சிரித்தது. பிறகு எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். முள்ளை உறிஞ்சும் சத்தம் பின்கட்டு வரைக்கும் கேட்டது.

வியாழக்கிழமை வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. புதன்கிழமை மத்தியானம், வெயிலுக்குப் பயந்து ஆண்கள் எல்லோரும் தூங்கும் நேரத்தில், மக்கியா படகை அவிழ்த்தாள். ரபாபை முன்னால் உட்காரவைத்தாள். தஸ்வாஹின் தன் பைகளோடு ஏறியதும் துடுப்புக் கழியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

கரையில் வறட்டி தட்டிக்கொண்டிருந்த முஹைசனின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எங்கடி போறே?"

"மூத்தவளுக்குப் பரீட்சை."

"அவருகிட்ட கேட்டியா?"

"என்ன இங்க கொண்டுவந்தப்ப என்கிட்ட யாரு கேட்டா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, குனிந்து மறுபடி வறட்டி தட்டத் தொடங்கினாள். அவள் கூச்சல் போடவில்லை. அதற்காகவாவது அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சாலைக்கு வந்ததும் முதலில் போலீஸ் நிலையத்துக்குத்தான் போனார்கள். அதிகாரி தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "கொலையா நடந்துபோச்சு? கல்யாணந்தானே. பெரியவங்க பேசி முடிச்சதுல நாங்க தலையிட்டா நாளைக்கு என் வீட்டு வாசல்ல துப்பாக்கி வரும். வீட்டுக்குப் போம்மா."

சட்டத்தில் இது குற்றம் என்று தஸ்வாஹின் சொன்னாள். "சட்டம் பாக்தாத்துல இருக்கு" என்றார் அவர்.

கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த டாக்டர் இல்ஹாம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் வீட்டு மொட்டை மாடியில், முன்பு அம்மா இருந்த அறையைத் திறந்துவிட்டாள். "கீழ்க் கதவப் பூட்டியே வைங்க. யார் வந்து கேட்டாலும் இங்க யாரும் இல்ல" என்றாள். மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். மக்கியா விடியற்காலையில் பாலாடை வாங்கி விற்றாள். ரபாப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

ஆய்வைச் சமர்ப்பிக்கும் நாளில், தேர்வாளர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நல்ல ஆய்வும்மா. இதனால மக்களுக்கு நேரடியா என்ன பலன்?"

"எங்க ஊர்ல ரத்தத்துக்கு ஈடா ரெண்டு பொண்ணு கேட்டாங்க சார். இத வச்சு ஒண்ணாக் குறைச்சாங்க. இதுவரைக்கும் கிடைச்ச பலன் அதுதான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மார்க்கு நன்றாகவே போட்டார்கள்.

ஊரில் நடந்தது பிறகு தெரியவந்தது. வியாழக்கிழமை மேலக்கரைக்காரர்கள் வந்து பார்த்தபோது பெண் இல்லை. "அப்ப உன் மகளக் குடு" என்றார்கள். அந்த நிமிஷத்தில் முஹைசனுக்கு மார்க்கம் விளங்கியது. பெண்ணை ஈடாகக் கொடுப்பது ஹராம், மனிதத்தன்மைக்கே இழுக்கு என்று நாணல் மண்டபத்தில் எழுந்து நின்று கண்ணீர் விட்டார். புது பிக்கப் வண்டியை விற்றார். பெண்ணுக்குப் பதிலாகக் கட்டப் பணமே இல்லை என்று அதுவரை சத்தியம் செய்துவந்தவர் முழு ஈட்டையும் பணமாகவே கட்டினார்.

அந்தக் கண்ணீரை யாரோ கைபேசியில் படம் பிடித்தார்கள். அது ஊர் ஊராகப் போனது. நாஸிரியாவில் பெண்கள் நலச் சங்கம் ஒன்று, பழைய வழக்கத்தை எதிர்த்து நின்ற கிராமத்துப் பெரியவர் என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுக்க ஏற்பாடு செய்தது. குடும்பத்தாரும் வரவேண்டும் என்று தேடிப்பிடித்து மக்கியாவுக்கும் சொல்லி அனுப்பினார்கள். போகவேண்டாம் என்றாள் தஸ்வாஹின். "போவோம். எனக்குப் பாக்கணும்" என்றாள் அம்மா.

முஹைசன் மேடையில் பேசினார். "பொண்ணுன்னா என்ன, கைமாத்துற எருமையா?" கைதட்டல். "என் தம்பி மகள் இன்னிக்குப் பட்டதாரி. தகப்பன் இல்லாத புள்ளய நான்தான் படிக்க வச்சேன்." இன்னும் பெரிய கைதட்டல். ரபாப் அக்காவின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

ஏற்பாட்டாளர் அம்மாள் சிரித்த முகத்தோடு மைக்கை மக்கியாவிடம் நீட்டினாள். "குடும்பத்துச் சார்பா ரெண்டு வார்த்தை."

மக்கியா அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள்.

"என்ன ரத்தத்துக்கு ஈடாக் குடுத்த அன்னிக்கு, மண்டபத்துல எல்லாருக்கும் காபி ஊத்தினது இவருதான். என் மகளுங்க ரெண்டு பேரையும் குடுக்குறேன்னு சொன்னதும் இவருதான். தன் மகளக் கேட்டப்பத்தான் இவருக்கு அல்லாஹ் ஞாபகம் வந்தான்."

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நடு வழியாகவே வெளியே நடந்தாள்.

புகைப்படக்காரன் காமிராவைத் தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் நின்றான். முஹைசன் கேடயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஏற்பாட்டாளர் அம்மாள் மைக்கை எடுத்து வாயருகே வைத்தாள்.

"உணர்ச்சிகரமான வார்த்தைகள். நன்றி" என்றாள். "பக்கத்து அறையில சாப்பாடு தயாரா இருக்கு. ஆண்கள் முதல்ல போகலாம்."