மூன்று ஊர்க் கொப்பிகள்

இறந்து கிடந்த கணவர் பரமலிங்கத்தின் கால் பெருவிரல்கள் இரண்டையும் இரத்தினம்மா வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் நீக்கிலாப்பிள்ளை சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு ஓட்டமாக உள்ளே வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

இரத்தினம்மாவின் தம்பி மார்க்கண்டு வெளியே போனான். யன்னலூடாக அவர்களின் கதை அவளுக்குக் கேட்டது.

"ஐயா எப்ப தம்பி?"

"விடியக் காலமை. நெஞ்சு நோகுது எண்டவர். அவ்வளவுதான்."

நீக்கிலாப்பிள்ளை தலையைக் குனிந்தார். ஆனால் போகவில்லை.

"கேக்கிற நேரமில்லை. பிள்ளைப்பெத்த பொம்பிளை ஒண்டுக்கு ரத்தம் நிக்குதில்லை. ஓ நெகட்டிவ் வேணும். கொப்பி மூண்டும் ஐயாட்டையெல்லோ இருக்கு?"

சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருடமாகிவிட்டது. இரத்தத்தை எடுத்து வைத்துக் காக்க வழியில்லை. தேவை வந்தால் ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர்கள் மானிப்பாயில் ஒரு குறிப்புக் கொப்பியிலும் சுன்னாகத்தில் ஒன்றிலும் அச்சுவேலியில் ஒன்றிலும் இருந்தன. ஒன்றில் பார்த்து இல்லையென்றால் மற்றதற்கு ஓட வேண்டும். அப்படி ஓடித் திரிவதற்குள் இரண்டு நோயாளிகள் செத்துப்போனார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துத் தரும்படி பரமலிங்கத்தை ஆஸ்பத்திரி டொக்டர் கேட்டார். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்தவர் அவர்.

நாலு மாதமாக, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் முன்னறை மேசையை விட்டு எழும்பவில்லை. பழைய கலியாணக் கார்டுகளை அரைவாசியாக வெட்டினார். கொப்பிகளிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கத்தரித்து அவற்றில் ஒட்டினார். "உதென்ன செய்யிறியள்?" என்று இரத்தினம்மா எத்தனையோ முறை கேட்டாள். "முடியட்டும், சொல்லுறன்," என்பார். முடியவில்லை.

மார்க்கண்டு முன்னறைக்குள் போனான். சற்று நேரத்தில் அவன் குரல் வந்தது.

"கொப்பியிலை மட்டைதான் மிச்சமிருக்கு. எல்லாத்தையும் வெட்டியிட்டார். பேர் ஒழுங்கும் இல்லை, ஊர் ஒழுங்கும் இல்லை. இருநூறு முந்நூறு துண்டு. எங்கையெண்டு தேடுறது?"

நீக்கிலாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறை வாசலுக்கு வந்தார்.

இரத்தினம்மா முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்த ஒன்றுவிட்ட அக்கா குணலட்சுமி அவள் சேலையைப் பிடித்தாள்.

"இரத்தினம், நீ எழும்பக்கூடாது. சனம் பாக்குது."

"இப்ப வாறன் அக்கா."

முன்னறை மேசையில் நாலு சப்பாத்துப் பெட்டிகள் இருந்தன. அவற்றின் மேல் சிவப்பு மையில் கால், அரை, ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது.

"ரத்தத்தின்ரை அளவோ?" என்றான் மார்க்கண்டு.

இரத்தினம்மா பெட்டிகளைப் பார்த்தபடி நின்றாள். ஆஸ்பத்திரி வீட்டுக்குக் கிட்டத்தான். நாலு மாதமாக அவர் சைக்கிளில் வெளிக்கிடும்போதெல்லாம் குசினிப் பக்கம் பார்த்து, "இப்ப எத்தினை மணி எண்டு பார்," என்பார். திரும்பி வந்ததும் திரும்பவும் அதே கேள்வி. வயது போய் மறதி வந்துவிட்டதென்று அவள் நினைத்திருந்தாள்.

"மணித்தியாலம்," என்றாள். "ஆஸ்பத்திரியிலை இருந்து சைக்கிளிலை ரத்தம் குடுக்கிறவையிட்டைப் போற நேரம். கிட்ட இருக்கிற ஆளைத்தான் முதல் தேடோணும் எண்டு செய்திருக்கிறார்."

கால் பெட்டியைத் திறந்தார்கள். இரத்தப் பிரிவுகளுக்கு நடுவே பெயர் எழுதிய மட்டை வைத்திருந்தார். ஓ நெகட்டிவ் மட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அரையிலும் இல்லை. ஒன்று என்றிருந்த பெட்டியில் மூன்று அட்டைகள் நூலால் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. அது அவளுடைய தையல் நூல்தான்.

"மூண்டு பேர் இருக்கினம்," என்று மார்க்கண்டு மூச்சு விட்டான். "ராசன், மானிப்பாய் முகாம். செபமாலை, சுன்னாகம். கனிசியஸ், அச்சுவேலி."

இரத்தினம்மா அட்டைகளை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்றிலும் ஒரே பிறந்த திகதி. மேலிரண்டிலும் பென்சிலால் கோடு. போன கிழமை கொளுத்தும் வெயிலில் அச்சுவேலிக்குப் போய் வந்து, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். என்னவென்று கேட்டதற்கு, "மூண்டு எண்டு நம்பியிருந்தம். ஒண்டுதான்," என்றார். அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

"மூண்டும் ஒராள்," என்றாள். "மானிப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் ஓடாதையுங்கோ அண்ணை. நேரே அச்சுவேலிக்குப் போங்கோ. சந்தைக்குப் பின்னாலை வெங்காயத் தோட்டமெண்டு எழுதியிருக்கு."

நீக்கிலாப்பிள்ளை அட்டைகளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். உள்ளே திரும்பிக் கிடத்தியிருந்தவரைக் கும்பிட்டார். பிறகு சைக்கிள் ஒழுங்கையில் மறைந்தது.

அவள் திரும்பி வந்து அவர் காலடியில் இருந்தாள். மூன்று மணிக்குப் பரமலிங்கத்தைத் தூக்கினார்கள்.

சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த அன்று காலை, தோளில் துவாயுடன் ஒல்லியான மனிதர் ஒருவர் படலையில் நின்றார்.

"நான் கனிசியஸ், அம்மா. அண்டைக்கு ஐயாவின்ரை துண்டோடை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவை." தோளிலிருந்த துவாயைக் கையில் எடுத்தார். "அந்தப் பிள்ளைப்பெத்த பொம்பிளை கண் முழிச்சிட்டா. சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

இரத்தினம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் உங்களுக்கு மூண்டு பேர்?"

"குருநகரிலை இருந்து இடம்பெயர்ந்து முதல் மானிப்பாய். அங்கை வீட்டுப் பேரைச் சொன்னன். சுன்னாகத்திலை எழுதினவர் அப்பான்ரை பேரை என்ரை பேரெண்டு எழுதிப்போட்டார். அச்சுவேலியிலைதான் சரியான பேர். ஐயா வந்து கேட்டாப் பிறகுதான் எனக்கே தெரியும். ஐயா அப்பிடியே வரம்பிலை இருந்திட்டார். 'வேறை ஒருத்தரும் இல்லையோ தம்பி?' எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"அப்ப ஒண்டும் தோன்றேல்லை. பிறகுதான் யோசிச்சன். தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், லூர்த்தம்மா. ரத்தம் பாத்ததில்லை. ஒரே தாய் தேப்பன்தானே, சரிவந்தாலும் வரும்."

இரத்தினம்மா முன்னறைக்குப் போய் ஒரு வெற்று அட்டையும் பேனையும் எடுத்து வந்தாள். பெயரை எழுதினாள். பிரிவு என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டாள்.

"எங்கை இருக்கிறா?"

"பாஷையூரிலை."

"ஆஸ்பத்திரியிலை இருந்து சைக்கிளிலை எவ்வளவு நேரம்?"

கனிசியஸ் கண்ணை மூடி வழியை நினைத்துப் பார்த்தார். "எதிர்க்காத்து இல்லையெண்டால் முக்கால் மணித்தியாலம்."

முக்காலுக்குப் பெட்டி இல்லை. இரத்தினம்மா எழுந்து அறைக்குள் போனாள். அலுமாரியின் மேல்தட்டில் அவர் சவரச் சாமான்கள் வைத்திருந்த பெட்டி இருந்தது. பிரஷையும் சவர்க்காரத் துண்டையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். மூலையில் ஒட்டியிருந்த நரைமயிர்த் துகள்களை விரலால் துடைத்துவிட்டு, அதைக் கொண்டுவந்து அரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் வைத்தாள்.